லாரி வராத மூன்று மாதங்கள்

யாரெலிக்கு மூச்சு இழுக்கிறது என்று வகுப்பிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டி வந்தபோது, நர்ஸ் குக்கா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். மூச்சு முட்டுகிற குழந்தைக்கு மற்ற ஊர்களில் ஜன்னலைத் திறந்து விடுவார்கள். துறைமுக ஊரான வில்மிங்டனில், அதுவும் ஓர்டேகா தெருப் பள்ளிக்கூடத்தில், அது நேர் எதிர். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் தெரு. தெரு முழுக்க, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலில் ஒன்றாக நின்று உறுமிக்கொண்டிருக்கும்.

"மெதுவா இழு. எண்ணிக்கிட்டே இழு. ஒண்ணு... ரெண்டு..."

யாரெலி இன்ஹேலர் குழாயைக் கவ்விக்கொண்டு எண்ணினாள். ஒன்பது வயது. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. அப்படியும் குழாயை எடுத்த இடைவெளியில், "கணக்குப் பரீட்சை முடிஞ்சிருக்குமா மிஸ்?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருக்கும். சந்தோஷமா?"

தலையை ஆட்டினாள். பேச மூச்சில்லை.

அம்மா லிஸ்பெத் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், நடுவில் வர முடியாது. அதனால் குக்கா பிள்ளையின் அப்பாவுக்கு போன் போட்டாள். மூன்றே நிமிடத்தில் எஃப்ரைன் வந்து நின்றான். அவன் அந்த லாரி வரிசையில்தான் இருந்திருக்கிறான். ஜன்னலுக்குக் கீழேயே வண்டியை ஓரம்கட்டிவிட்டு, பளபளக்கும் மஞ்சள் சட்டையோடு உள்ளே ஓடி வந்தான்.

"எஃப்ரைன், வெளிய உறுமுறது உன் வண்டியா?"

"ஆமா மிஸ். ரெண்டே நிமிஷம். பிள்ளையப் பாத்துட்டு ஓடிடுறேன், வரிசை போயிடும்."

"மொதல்ல போய் அத அணைச்சிட்டு வா."

"அணைச்சா மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும் மிஸ். வயசான வண்டி."

"இங்க ஒம்பது வயசுப் பிள்ளை மூச்சு விட அடம் பிடிக்குது. நீ அந்தக் கிழத்துக்குப் பாக்குறியா?"

எஃப்ரைன் சிறுவனாக அதே பள்ளியில் படித்தவன். மரத்திலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது கட்டுப் போட்டவளும் இதே குக்காதான். மறுபேச்சில்லாமல் போய் அணைத்துவிட்டு வந்தான். அறை சட்டென்று அமைதியானது. அப்போதுதான் யாரெலியின் நெஞ்சு விசில் அடிப்பது அவன் காதில் விழுந்தது.

"அப்பா, உன் லாரி என்னைவிட மோசமா இருமுது" என்றாள் அவள்.

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் எழுந்து போனான். வண்டி சொன்னபடியே அடம் பிடித்துவிட்டு, ஒரு கருப்புப் புகையைக் கக்கிக் கிளம்பியது.

பள்ளியில் நானூறு பிள்ளைகள். அதில் அறுபத்தோரு பேரின் இன்ஹேலர்கள், பெயர் ஒட்டி, குக்காவின் அலமாரியில் இருந்தன. விளையாட்டு வகுப்புக்கு முன்னால் வாசலில் வரிசை நிற்கும். இரண்டு அழுத்து, பத்து எண்ணு, போ. வரும் ஒவ்வொருவரையும் குக்கா நோட்டில் எழுதுவாள்: பெயர், நேரம், என்ன தொந்தரவு. வருடத்துக்கு ஒரு நோட்டு. இருபத்தாறு நோட்டுகள் பீரோவில் அடுக்கி இருந்தன. எழுதச் சொன்னார்கள், எழுதினாள். அதை யாரும் திறந்து படித்ததில்லை, அவள் உட்பட.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு சமாச்சாரம் நடந்தது. ஓர்டேகா தெருக் கோடியில் கால்வாயின் மேல் ஒரு பழைய பாலம். அதன் தூண் ஒன்றில் விரிசல் கண்டுபிடித்தார்கள். உடனே தெருவின் இரண்டு முனையிலும் சிமெண்ட் தடுப்புகளை இறக்கிவிட்டார்கள். கார் போகலாம், சைக்கிள் போகலாம், கனரக வண்டி மட்டும் மூன்று மாதத்துக்குக் கூடாது. லாரிகளெல்லாம் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே போகிற துறைமுகச் சாலையைச் சுற்றிப் போக வேண்டும். அந்தப் பக்கம் வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது.

"பதினஞ்சு நிமிஷம் கூட ஆகுது மிஸ்!" என்று, மகளை விட வந்த எஃப்ரைன் புலம்பினான். "நாலு சிக்னல். நாலும் நம்மளப் பாத்துட்டுத்தான் சிவப்பா மாறுது. அந்த விரிசல் அடுத்த வருஷம் விட்டா ஆகாதா?"

குக்காவுக்குப் பாலத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லை. தெரு கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்றாகியும் அவள் அறைக்கு ஒருவரும் வரவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், வேலை செய்தது. வராந்தாவில் தலையை நீட்டிப் பார்த்தாள், பள்ளிக்கு லீவு இல்லை. பதினொன்றரைக்கு அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. நேராக மைதானத்துக்கு நடந்தாள்.

விளையாட்டு ஆசிரியர் டவீட்டா சமோவாத் தீவுக்காரர். கதவில் நின்றால் வெளிச்சம் வராது, அப்படி ஓர் உருவம். குரல் மட்டும் குழைவாக இருக்கும்.

"டவீட்டா, பசங்கள ஓட விடுறத நிறுத்திட்டீங்களா? இன்ஹேலருக்கு ஒருத்தர்கூட வரல. வராம ஓடினா ஆபத்துன்னு தெரியாதா உங்களுக்கு?"

"நான் நிறுத்தலீங்க குக்கா. அவங்களத்தான் நிறுத்த முடியல." அவர் மைதானத்தைக் காட்டினார். "ரெண்டு சுத்து ஓடுனாங்க. போதும், உக்காருங்கன்னா, இன்னொண்ணு இன்னொண்ணுன்னு கத்துறாங்க. எனக்கே பயமா இருக்கு. சத்துணவுல என்னத்தப் போட்டீங்க?"

குக்கா பார்த்தாள். வழக்கமாகச் சுவரோரம் பெஞ்சியில் ஏழெட்டுப் பேர் 'உடம்பு சரியில்லை' கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று பெஞ்சி காலி. தூரத்தில் பின்னல் பறக்க, ஒரு பையனைத் துரத்திக்கொண்டு யாரெலி ஓடிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் என்ன சொன்னானோ, அவனைப் பிடித்தால் விடப்போவதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

பிடித்துவிட்டாள். கூடவே விழுந்தாள். அன்றைக்குக் குக்காவின் அறைக்கு வந்த முதல் நோயாளி அவள்தான், முழங்காலில் ரத்தத்தோடு.

"மூச்சு எப்படி இருக்கு?"

"என்ன மூச்சு?" என்றாள் யாரெலி. "மிஸ், எரியுது, ஊதுங்க!"

அதற்குப் பிறகு இழுப்புக்காரர்களின் வரவு குறையக் குறைய முழங்கால்கள் வரத் தொடங்கின. முட்டி, முழங்கை, மோவாய். ஓடாத பிள்ளைகள் ஓட ஆரம்பித்தால் விழத்தானே செய்வார்கள். அக்டோபர் நடுவில் மூன்றாவது முறையாகப் பிளாஸ்திரி கேட்டுச் சீட்டு அனுப்பியபோது, அலுவலகத்து நைடா நேரிலேயே எழுந்து வந்தாள்.

"என்ன குக்கா, பிளாஸ்திரிய ரொட்டியில வெச்சுச் சாப்பிடுறியா?"

"குடுடி. நல்ல காரியத்துக்குத்தான் செலவாகுது."

அன்று மாலை நோட்டைப் புரட்டியபோது, இழுப்பு என்று எழுதிய வரிகள் பாதிக்கும் கீழே போயிருப்பதைப் பார்த்தாள். ஆனால் குக்கா எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிறவள் அல்ல. இந்த வருடம் மகரந்தம் குறைவோ என்னவோ. சளிக் காய்ச்சல் இன்னும் வரவில்லையோ என்னவோ. அதனால் நவம்பர் கடைசி ஞாயிறன்று பத்து வருட நோட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவன் லாலோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து உட்கார வைத்தாள். அவன் ஒரு கையில் தமாலே என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை, மறு கையில் நோட்டு என்று வாசிக்க, அவள் கோடு போட்டுக்கொண்டே போனாள்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, எந்த வருடமும் இருநூற்று எண்பது இழுப்புக்குக் குறைந்ததில்லை. ஒரு வருடம் முந்நூற்று நாற்பது. இந்த வருடம் நூற்றுப் பன்னிரண்டு.

லாலோ தமாலேயைத் தட்டில் வைத்துவிட்டான்.

"தப்பா எண்ணிட்டியா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

"பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சிருக்கா?"

"அஞ்சு பேரு கூடியிருக்கு."

லாலோ கோடு போட்ட தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். நாற்பது வருடம் அந்த லாரிகளின் மேல் பெட்டிகளை இறக்கியவன் அவன். "அப்ப அந்த வண்டிங்கதானா குக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

"அப்படித்தான் தோணுது. ஆனா என்கிட்ட இருக்கிறது ஒரு பள்ளிக்கூடம், ஒரு நோட்டு. இத வெச்சு சத்தியம் பண்ண முடியாது."

சத்தியத்துக்கான வழி தானாகவே வந்தது. அந்த வழியை அவள் விரும்பவில்லை. டிசம்பர் முதல் தேதி பாலம் சரியாகிவிட்டது என்று தடுப்புகளைத் தூக்கினார்கள். லாரிகள் திரும்பின. இரண்டு வாரத்துக்குள் அவள் வாசலில் வரிசையும் திரும்பியது. டவீட்டாவின் பெஞ்சி நிரம்பியது. பதினாறாம் தேதி யாரெலியை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. குக்கா பார்க்கப் போனபோது, லிஸ்பெத் மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். எஃப்ரைன் நடைபாதையில் மஞ்சள் சட்டையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாலம் தொறந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா மிஸ்" என்றான். "பதினஞ்சு நிமிஷம் மிச்சம்னு. ஒரு நாளைக்கு நாலு தடவ அவ வகுப்புக்கு அடியில போறேன். கைய ஆட்டுவா. நானும் ஹார்ன் அடிச்சிட்டுப் போவேன்."

குக்காவுக்கு அவனைத் திட்ட மனம் வரவில்லை. "நீ ஒருத்தன் இல்லியே. ஒரு நாளைக்கு ஆயிரம் வண்டி" என்றாள். "சரி, எழுந்திரு. உள்ள அவ ஜெல்லி வேணும்னு ரகளை பண்றா. நல்லாயிட்டான்னு அர்த்தம்."

அந்த வாரமே லிஸ்பெத்தும் இன்னும் நாலைந்து அம்மாக்களும் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். ஓர்டேகா தெருவில் கனரக வண்டி இனி எப்போதுமே கூடாது, அதுதான் கோரிக்கை. ஜனவரியில் நகர மன்றத்தில் பொது விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பேச விரும்புகிறவருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். நீங்கதான் பேசணும் மிஸ் என்று எல்லோருமாகச் சேர்ந்து குக்காவின் தலையில் கட்டினார்கள்.

நானூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற குக்காவுக்கு மைக் என்றால் குலை நடுங்கும். வீட்டுச் சமையலறையில் நின்று ஒத்திகை பார்த்தாள். லாலோ மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து நேரம் பார்ப்பான். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, 'இருபத்தாறு வருடங்களாக' என்பதற்குள் அது பீப் பீப் என்று கத்திவிடும்.

"வணக்கத்தக் கொஞ்சம் சுருக்கேன்."

"மரியாதையில்லாம எப்படிப் பேசுறது?"

"அப்ப உள்ள ஒரு கப் காபியாவது வைக்கிறேன். வீணாச் சுத்துது."

விசாரணை ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு. முன்வரிசைகளில் அம்மாக்களும் பிள்ளைகளும். பின்வரிசைகளில் மஞ்சள் சட்டைகள், நாற்பது ஐம்பது லாரிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு. அவர்கள் நடுவில் எஃப்ரைன். லிஸ்பெத் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். காலையில் வீட்டில் பெரிய சண்டையாம், நைடா காதைக் கடித்தாள்.

குக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் வணக்கம், பெயர், வருடம் எல்லாம் மறந்துபோனது. நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"லாரி ஓடின வருஷமெல்லாம் மூணு மாசத்துல முந்நூறு இழுப்பு. லாரி ஓடாத மூணு மாசத்துல நூத்திப் பன்னண்டு. லாரி திரும்பி வந்த ஒரே மாசத்துல நூத்தி ஆறு. அவ்வளவுதாங்க."

இருபது விநாடிதான் ஆகியிருந்தது. மேடையில் இருந்த நகரப் பொறியாளர், மரியாதையான இளைஞர், தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப முக்கியமான தகவல்தாங்க. ஆனா இது தற்செயலாவும் இருக்கலாம் இல்லீங்களா?"

"இருக்கலாம் தம்பி" என்றாள் குக்கா. "குறைஞ்சது தற்செயலா இருக்கலாம். மறுபடி கூடினதும் தற்செயலா இருக்கலாம். சந்தேகமா இருந்தா ஒரு வருஷம் மூடிப் பாருங்க. மூணாவது தடவையும் தற்செயலா வருதான்னு நானே எழுதித் தர்றேன்."

அரங்கம் சிரித்தது. பொறியாளரும் சிரித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். குக்கா வந்து உட்கார்ந்தபோது, தனக்குப் பேச வரும் என்பது ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு எஃப்ரைனின் முறை. பின்வரிசையில் கை தட்டல் கிளம்பியது. அவன் மைக்கை முறைத்துப் பார்த்தான்.

"அந்தச் சுத்து வழி இருக்கே, படு கேவலமான வழி. நாலு சிக்னல், நாலும் சதிகாரப் பயலுக. ரோட்டுல ஒரு குழி இருக்கு, அதுல விழுந்து என் பல்லு ஆடுது. போற வழியில ஒரு காபிக் கடை கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது."

"ஆமா! சொல்லு!" என்று பின்னாலிருந்து குரல்கள்.

"அந்த வழிய நான் மனசார வெறுக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "என் பொண்ணு அக்டோபர் மாசம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அப்பா நான் ஒரு பையனத் துரத்திப் பிடிச்சு அடிச்சேன்னு சொன்னா. அவ அதுக்கு முன்னாடி யாரையும் துரத்தினதே இல்ல. நான் அவளத் திட்டணும். ஆனா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன்."

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மன்றத் தலைவர் அம்மாள் முன்னால் சாய்ந்தார். "ஐயா, உங்க ஒரு நிமிஷம் முடியப் போகுது. நீங்க ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா?"

"அந்த வழி எனக்குப் பிடிக்கல. அதையே வெச்சிடுங்க" என்றான் எஃப்ரைன். "அந்தக் குழிய மட்டும் மூடுங்க."

லிஸ்பெத் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான், இன்னொருவன் 'துரோகி' என்றான். அதற்குள் நரைமீசைக்காரர் ஒருவர் எழுந்து, "என் பேத்தியும் அங்கதான் படிக்குது. அவன் சொன்னதுதான் எனக்கும். குழியயும் சேத்து எழுதிக்குங்க" என்று உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஊளை அடங்கிவிட்டது.

ஒரு வருடச் சோதனை என்று பிப்ரவரியில் மன்றத்தின் முடிவு வந்தது. கனரக வண்டிகளுக்குத் தடை என்ற பலகையை ஓர்டேகா தெருவின் இரு முனையிலும் நட்டார்கள். சிக்னல்களைத் திருத்தினார்கள். குழியை மூடினார்கள், அதற்கு மட்டும் ஏப்ரல் ஆனது. பள்ளிக்கூடத்தில் மந்திரம் எதுவும் நடந்துவிடவில்லை. இரண்டு பிள்ளைகள் இன்னமும் தினமும் வந்தார்கள். யாரெலியின் பையில் இன்ஹேலர் அப்படியே இருந்தது, சளி பிடித்தால் தேவைப்பட்டது. ஆனால் கோடை விடுமுறை வரைக்கும் ஆம்புலன்ஸ் ஒரு முறைகூட அந்த வாசலுக்கு வரவில்லை. குக்கா ஜன்னல் கதவுக்கு எண்ணெய் போட்டுத் திறந்து வைத்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் யாரெலி பெண்பிள்ளைகள் கால்பந்து அணியில் பெயர் கொடுத்தாள். பயிற்சியாளர் டவீட்டா. முதல் ஆட்டம் சனிக்கிழமை காலை. கடலிலிருந்து மெல்லிய பனி விலகி வெயில் வந்துகொண்டிருந்தது. குக்காவும் லாலோவும் மடக்கு நாற்காலிகளோடு போனார்கள். லிஸ்பெத் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்ட மாங்காய்த் துண்டுகளை டப்பா டப்பாவாகக் கொண்டு வந்திருந்தாள். எஃப்ரைன் கோட்டுக்கு வெளியே நின்று, தனக்குத் தெரியாத ஆட்டத்துக்கு யோசனை கத்திக்கொண்டிருந்தான்.

எதிரணி மூன்று வருடமாக ஆடுகிறவர்கள். பாதி ஆட்டத்துக்குள் நாலு கோல். யாரெலி பின்காப்பில் நின்றாள். பந்து எங்கே போனாலும் அங்கே ஓடினாள். பந்து அவள் போய்ச் சேர்வதற்குள் வேறெங்கோ போய்விடும். திரும்பி அங்கே ஓடினாள். ஐந்தாவது கோல். ஆறு.

"ஓடு யாரெலி, ஓடு!" என்று லிஸ்பெத் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்.

பக்கத்தில் எதிரணிப் பிள்ளையின் அம்மா பரிதாபமாகத் திரும்பினாள். "அழாதீங்க. முதல் ஆட்டம்தானே. அடுத்ததுல ஜெயிப்பாங்க."

"நான் தோக்குறதுக்கா அழறேன்?" என்றாள் லிஸ்பெத். அந்தம்மாவின் கையில் ஒரு டப்பா மாங்காயைத் திணித்தாள். "அங்க பாருங்க, பின்னால நிக்குறாளே, அவதான் என் பொண்ணு. முழு ஆட்டமும் ஆடுறா!"

விசில் ஊதியபோது ஏழுக்குப் பூஜ்யம். வெற்றி பெற்றவர்களைவிட இந்தப் பக்கம்தான் ஆர்ப்பாட்டம் அதிகம். எஃப்ரைன் டவீட்டாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்து, முடியாமல், கட்டிப் பிடித்ததோடு விட்டான். யாரெலி முகம் தக்காளியாகச் சிவந்து, வியர்வை சொட்ட, குக்காவின் முன்னால் வந்து நின்றாள். மார்பு ஏறி இறங்கியது. ஓடி வந்த பிள்ளையின் மூச்சு, வேறொன்றுமில்லை. குக்காவின் காது பழக்கதோஷத்தில் விசிலைத் தேடியது. இல்லை.

"ஏழு கோல் மிஸ்!"

"நீங்க போட்டதா?"

"எங்க மேல போட்டது!" என்று பெருமையாகச் சொன்னாள். "அந்த ஒம்பதாம் நம்பர் இருக்காளே, அவளால என்னத் தாண்ட முடியல. அஞ்சு தடவதான் தாண்டினா."

"உக்காந்து கொஞ்சம் தண்ணி குடி."

"அப்புறம்!"

அவள் லாலோவின் கையிலிருந்த மாங்காய்த் துண்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அந்த ஒன்பதாம் நம்பர்ப் பெண் மைதானத்தின் அந்தக் கோடியில் பந்தை வைத்துக்கொண்டு, வா என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். யாரெலி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவளை நோக்கி ஓடினாள்.